செக்கிங் கணக்கில் பணம் போதாதபோது: அமெரிக்க வங்கிகளின் ஓவர்டிராஃப்ட் பாதுகாப்பு, ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்காவில் மாதச் சம்பளம் வந்து சேர்வது, வீட்டு வாடகைக்குக் காசோலை கொடுப்பது, கடையில் டெபிட் கார்டைத் தேய்ப்பது, மின்கட்டணமும் கைப்பேசிக் கட்டணமும் தாமாகவே கழிந்துபோவது ஆகிய எல்லாமே பெரும்பாலும் செக்கிங் கணக்கு ஒன்றின் வழியாகத்தான் நடக்கின்றன. அந்தக் கணக்கில் 40 டாலர் மட்டும் இருக்கும் நாளில் 60 டாலர் கேட்டு ஒரு பற்று வந்தால் வங்கியின் முன் இரண்டு வழிகள் உள்ளன. பணம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடலாம். அல்லது குறைகிற 20 டாலரைத் தன் கையிலிருந்து போட்டுக் கொடுத்துவிட்டு, கணக்கில் மைனஸ் 20 என்று எழுதி வைக்கலாம். இரண்டாவது வழிதான் ஓவர்டிராஃப்ட். அந்த 20 டாலர் எங்கிருந்து வர வேண்டும், அதற்கு என்ன விலை, எந்தெந்தப் பரிவர்த்தனைகளுக்கு அது கிடைக்கும் என்பவற்றை முன்கூட்டியே தீர்மானித்து வைக்கும் ஏற்பாடுகள் அனைத்தும் ஓவர்டிராஃப்ட் பாதுகாப்பு என்ற ஒரே தலைப்பின் கீழ் விற்கப்படுகின்றன. ஆனால் அவற்றுள் சில ஒரு செண்டுகூடச் செலவு வைக்காதவை. சில ஒரே நாளில் நூறு டாலருக்கு மேல் பிடுங்கக்கூடியவை.

இந்தியாவிலிருந்து படிக்கவோ வேலை பார்க்கவோ வந்தவர்களை இது எளிதில் குழப்பிவிடும். நம் ஊரில் ஓடி (ஓவர்டிராஃப்டின் சுருக்கம்) என்றால், வியாபாரம் செய்பவரோ வைப்புநிதி வைத்திருப்பவரோ வங்கியில் விண்ணப்பித்து, வரம்பு நிர்ணயம் செய்யப்பட்டு, எடுத்த தொகைக்கு எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி கட்டுகிற ஒரு கடன் வசதி. ஜன்தன் கணக்குகளுக்குத் தகுதி பார்த்து 10,000 ரூபாய் வரை தரப்படுவதும் அந்த வகையைச் சேர்ந்ததே. அமெரிக்காவிலோ விண்ணப்பிக்காத, வரம்பு சொல்லப்படாத சாதாரணக் கணக்கு ஒன்றே மைனஸுக்குப் போகலாம். அதற்கான விலையும் நாட்கணக்கில் ஏறும் வட்டியாக இல்லாமல், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் இவ்வளவு என்ற நிலையான கட்டணமாக விழுகிறது.

அந்தக் கட்டணம் நீண்ட காலமாகப் பெரிய வங்கிகளில் 35 டாலரை ஒட்டியே இருந்துவந்தது. கணக்கில் போதாமல் போன தொகை 500 டாலரா, ஒரு காபியின் விலையா என்று அது பார்ப்பதில்லை. சிஎஃப்பிபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, டெபிட் கார்டு வழியாக நேர்ந்த ஓவர்டிராஃப்ட் கட்டணங்களில் பெரும்பான்மையானவை 24 டாலரோ அதற்கும் குறைவாகவோ இருந்த செலவுகளுக்கு விதிக்கப்பட்டவை. மைனஸுக்குப் போன கணக்குகளில் பெரும்பாலானவை மூன்று நாட்களுக்குள் நேராகிவிட்டன. 24 டாலரை மூன்று நாட்களுக்குக் கடனாக வாங்கி 34 டாலர் கூலி கொடுப்பதை ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் அது 17,000 சதவீதத்தைத் தாண்டும் என்று அந்த ஆணையமே போட்டுக் காட்டியது. நம் ஊர் மீட்டர் வட்டிக்காரர்கூட வாய்விட்டுக் கேட்கக் கூசும் விகிதம் இது. 2019-இல் மட்டும் அமெரிக்க வங்கிகள் ஓவர்டிராஃப்ட் கட்டணத்தாலும், பணமின்றித் திரும்பியவற்றுக்கான கட்டணத்தாலும் ஏறத்தாழ 1,550 கோடி டாலர் ஈட்டின. அதுவும் எல்லா வாடிக்கையாளரிடமிருந்தும் சிறிது சிறிதாகத் திரண்ட பணம் அன்று. 2017-இல் வெளியான இன்னோர் ஆய்வில், 9 சதவீதக் கணக்குகளே இத்தகைய கட்டணங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தைச் சுமந்தது தெரியவந்தது. எப்போதும் இருப்பு மெலிந்தே இருக்கும் கணக்குகள்தான் திரும்பத் திரும்ப அடி வாங்குகின்றன.

கார்டுக்கு ஒரு விதி, காசோலைக்கு வேறொரு விதி

ஓவர்டிராஃப்ட் பற்றிப் புதியவர் ஒருவர் ஒரேயொரு செய்தியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இந்த வேறுபாடாகவே இருக்க வேண்டும். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2009 நவம்பரில் திருத்தி வெளியிட்ட ரெகுலேஷன் இ என்ற விதி, 2010 ஜூலை 1 முதல் புதிய கணக்குகளுக்கும், ஆகஸ்ட் 15 முதல் பழைய கணக்குகளுக்கும் நடைமுறைக்கு வந்தது. ஏடிஎம்மில் எடுக்கும் பணத்துக்கும், கடையிலோ இணையத்திலோ டெபிட் கார்டால் ஒருமுறை மட்டும் செய்யும் செலவுக்கும், வாடிக்கையாளர் முன்வந்து வெளிப்படையாகச் சம்மதம் தெரிவித்திருந்தால் ஒழிய வங்கி ஓவர்டிராஃப்ட் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பது அதன் சாரம். சம்மதம் தராதவரின் கார்டு, பணம் போதாதபோது பொதுவாக மறுக்கப்படும். அவ்வாறு மறுக்கப்படுவதற்குப் பெரிய வங்கிகள் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. கல்லாவில் நிற்பவர் முன் ஒரு நிமிடம் முகம் சுருங்குவதைத் தவிர வேறு இழப்பு கிடையாது.

காசோலைகளுக்கும், வங்கிகளுக்கிடையே மின்னணு முறையில் பணம் நகர்த்தும் ஏசிஎச் அமைப்பு வழியே கணக்கிலிருந்து நேரடியாகக் கழியும் தொகைகளுக்கும், உடற்பயிற்சிக் கூடச் சந்தா போல மாதந்தோறும் டெபிட் கார்டில் தானாக விழுகிற தொகைகளுக்கும் இந்த விதி பொருந்தாது. இவற்றில் எதைக் கொடுப்பது, எதைத் திருப்புவது என்பதை வங்கியே தீர்மானிக்கலாம். கொடுத்தால் கட்டணமும் வாங்கலாம். அதற்குத் தனிச் சம்மதம் எதுவும் தேவையில்லை. ‘நான்தான் ஓவர்டிராஃப்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேனே, பிறகு ஏன் 35 டாலர் பிடித்தார்கள்?’ என்று கேட்பவர்களின் கணக்கு அறிக்கையைப் புரட்டினால், பெரும்பாலும் ஒரு காசோலையோ காப்பீட்டுத் தவணையோதான் அங்கே நின்றுகொண்டிருக்கும்.

சம்மதம் வாங்கப்படும் முறையிலும் கவனம் வேண்டும். புதிய கணக்கு திறக்கும்போது, முகவரிச் சான்று, கையெழுத்து, கடவுச்சொல் என்று அடுக்கடுக்காக வரும் படிவங்களுக்கு நடுவே, அவசர நேரத்தில் கார்டு மறுக்கப்படாமல் இருக்க விருப்பமா என்ற தோரணையில் இந்தக் கேள்வியும் வந்துபோகும். கேட்கும்போது நல்லெண்ணமாகவே ஒலிக்கும். முறையான சம்மதம் இல்லாமலே வாடிக்கையாளர்களை இத்திட்டத்தில் சேர்த்ததற்காக, டிடி வங்கி 9.7 கோடி டாலரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தரவும் 2.5 கோடி டாலர் அபராதம் கட்டவும் சிஎஃப்பிபி 2020-இல் உத்தரவிட்டது. கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். சம்மதம் தரவில்லை என்பதற்காகக் கணக்கின் மற்ற வசதிகளைக் குறைக்கவோ, காசோலைகளைக் கொடுக்க மறுக்கவோ வங்கிக்கு உரிமை இல்லை. கணவன் மனைவி இருவர் பெயரிலும் உள்ள கூட்டுக் கணக்காக இருந்தால், ஒருவர் தரும் சம்மதமே முழுக் கணக்குக்கும் செல்லும். ஒருவர் திரும்பப் பெற்றாலும் முழுக் கணக்குக்கும் அது பொருந்தும். ஆகவே வீட்டில் இருவரும் இதைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு நுணுக்கமும் உண்டு. பெட்ரோல் நிலையத்தில் கார்டைச் செருகியதும் நிலையம் ஒரு டாலருக்கு மட்டும் அனுமதி கேட்டுவிட்டு, பிறகு 48 டாலருக்கு எரிபொருள் போட்ட உண்மைத் தொகையை அனுப்புவதுண்டு. அனுமதித்துவிட்ட காரணத்தால் வங்கி அதைக் கொடுத்தே ஆக வேண்டும். கணக்கும் மைனஸுக்குப் போகலாம். அப்போதும், சம்மதம் தராத வாடிக்கையாளரிடம் அந்தச் செலவுக்காக ஓவர்டிராஃப்ட் கட்டணம் வாங்க முடியாது.

என்னென்ன ஏற்பாடுகள் உள்ளன

முதலாவதும் பெரும்பாலோருக்கு ஏற்றதும், அதே வங்கியில் உள்ள சேமிப்புக் கணக்கைச் செக்கிங் கணக்குடன் இணைத்து வைப்பது. செக்கிங்கில் பணம் குறைந்தால் சேமிப்பிலிருந்து தேவையான தொகை தானாக நகரும். சொந்தப் பணமே ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போவதால் இதில் கடன் என்ற பேச்சே இல்லை. ஒரு காலத்தில் இந்த நகர்த்தலுக்கே 10, 12 டாலர் என்று வசூலித்தார்கள். பேங்க் ஆஃப் அமெரிக்கா, வெல்ஸ் ஃபார்கோ போன்ற பெரிய வங்கிகள் 2022-இல் அதைக் கைவிட்டன. சிறிய வங்கிகள் சிலவற்றில் இன்னும் இருக்கலாம். இணைப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். குறைகிற தொகை மட்டும் நகருமா, 50 அல்லது 100 டாலர் கட்டுகளாக நகருமா? சேமிப்பில் போதுமான பணம் இல்லையென்றால் உள்ளது மட்டும் நகருமா, ஒன்றுமே நகராதா? அப்படி நகர்ந்து சேமிப்புக் கணக்கு குறைந்தபட்ச இருப்புக்குக் கீழே போனால் அங்கே மாதாந்திரக் கட்டணம் விழுமா? முன்பெல்லாம் சேமிப்பிலிருந்து மாதத்துக்கு ஆறு முறைக்கு மேல் இவ்வாறு பணம் நகரக் கூடாது என்ற ஃபெடரல் விதி ஒன்றும் இருந்தது. 2020 ஏப்ரலில் அது நீக்கப்பட்டது. என்றாலும் சில வங்கிகள் தங்கள் சொந்த விதியாக அந்த வரம்பை வைத்திருக்கின்றன.

இரண்டாவது, ஓவர்டிராஃப்டுக்கென்றே தரப்படும் கடன் வரம்பு. இந்தியாவில் நாம் அறிந்த ஓடிக்கு நெருங்கிய உறவு இதுதான். விண்ணப்பிக்க வேண்டும், கடன் வரலாறு பார்க்கப்படும், 500 அல்லது 1,000 டாலர் என்பதுபோல் ஒரு வரம்பு கிடைக்கும், எடுத்ததற்கு வட்டி கட்ட வேண்டும். ஆண்டுக்கு 18 சதவீத வட்டி என்றால் பயமாகத் தோன்றும். ஆனால் 100 டாலரைப் பத்து நாட்களுக்கு எடுத்தால் வட்டி ஏறத்தாழ 50 செண்டுதான். அதே இடைவெளியை 35 டாலர் கட்டணத்தால் நிரப்புவதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கூட்டுறவு முறையில் இயங்கும் ஃபெடரல் கிரெடிட் யூனியன்களில் கடன் வட்டிக்கு 18 சதவீதம் என்ற உச்சவரம்பு இருப்பதால் இவ்வசதியை அங்கே விசாரிப்பது பயன் தரும். சில இடங்களில் ஆண்டுக் கட்டணமோ, ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் சிறு கட்டணமோ சேரக்கூடும். எடுத்த கடனை அடுத்த சம்பளம் வந்ததும் வங்கியே கழித்துக்கொள்ளும் என்று நம்பியும் இருக்கக் கூடாது; பல இடங்களில் மாதாமாதம் நாமே செலுத்த வேண்டும். புதிதாக நாட்டுக்கு வந்து, கடன் வரலாறு இன்னும் உருவாகாதவர்களுக்கு இந்த வரம்பு கிடைப்பது கடினம்.

கிரெடிட் கார்டை இணைப்பது மூன்றாவது வழி; எனக்கு அதில் நல்ல அபிப்பிராயம் இல்லை. இணைத்த கார்டிலிருந்து வரும் தொகையை வங்கி பெரும்பாலும் ரொக்க முன்பணமாகவே கணக்கில் எழுதும். கார்டில் பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாத நாட்கள் இதற்குக் கிடையாது. முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும், முன்பணக் கட்டணமும் சேரலாம்.

நான்காவது, எதையும் இணைக்காமலே வங்கி தன் விருப்பப்படி கொடுத்துவிட்டுக் கட்டணம் வாங்கும் வழக்கமான ஓவர்டிராஃப்ட் சேவை. மேலே சொன்ன 35 டாலர் கதை முழுவதும் இதைப் பற்றியதுதான். இதில் வங்கி எந்த வாக்குறுதியும் தருவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. போன மாதம் காசோலையைக் கொடுத்த வங்கி இந்த மாதம் அதே தொகைக்கான காசோலையைத் திருப்பினால் கேள்வி கேட்க முடியாது. கட்டணம் உறுதி, பாதுகாப்பு உறுதியில்லை என்ற இந்த நிலையை நம்பி வாடகைக் காசோலை எழுதுவது துணிச்சலான காரியம்.

எந்த ஏற்பாடும் இல்லாமல், பணம் போதாதபோது எல்லாம் திரும்பட்டும் என்று விட்டுவிடுவதும் ஒரு வழிதான். கார்டுச் செலவைப் பொறுத்தவரை அதில் தீங்கில்லை. காசோலையும் தவணையும் திரும்பினால் விளைவுகள் வங்கிக்கு வெளியே தொடங்கும்: வீட்டுக்காரர் காசோலை திரும்பியதற்கு ஒரு கட்டணமும் வாடகை தாமதத்துக்கு இன்னொரு கட்டணமும் கேட்கலாம், காப்பீட்டு நிறுவனம் பாலிசியை நிறுத்தும் அறிவிப்பை அனுப்பலாம். பணமின்றித் திரும்பியதற்காக வங்கி வாங்கிவந்த கட்டணத்தைப் பெரிய வங்கிகளில் பெரும்பாலானவை நீக்கிவிட்டன. அது இன்னும் உள்ள இடங்களில் ஒரு தொல்லை உண்டு. திரும்பிய ஏசிஎச் கோரிக்கையை நிறுவனம் மேலும் இரண்டு முறை வரை மறுபடி அனுப்ப விதி இடம் கொடுப்பதால், ஒரே தவணைக்காகக் கட்டணம் மீண்டும் மீண்டும் விழுந்த கணக்குகள் இருந்திருக்கின்றன.

மைனஸ் கட்டணமே விழாதபடி வடிவமைக்கப்பட்ட கணக்குகளும் உள்ளன. பேங்க் ஆன் என்ற தேசியத் தரச்சான்று பெற்ற கணக்குகளில் ஓவர்டிராஃப்ட் கட்டணமோ, பணமின்றித் திரும்பியதற்கான கட்டணமோ விதிக்கக் கூடாது. மாதக் கட்டணமும் 5 டாலர் அளவில்தான் இருக்கும். சேஸ் வங்கியின் செக்யூர் பேங்கிங், வெல்ஸ் ஃபார்கோவின் கிளியர் ஆக்சஸ் பேங்கிங், பேங்க் ஆஃப் அமெரிக்காவின் சேஃப்பேலன்ஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் சிலவற்றுக்குக் காசோலைப் புத்தகம் கிடையாது. வாடகையையும் இணையம் வழியே செலுத்துகிற மாணவருக்கு அது ஒரு குறையாகவே தெரியாது.

எந்தப் பற்று முதலில், எந்த இருப்பு உண்மை

கட்டணம் எத்தனை விழும் என்பது செலவின் அளவைவிட, அவை கணக்கில் எந்த வரிசையில் பதியப்படுகின்றன என்பதைப் பொறுத்தது. ஒருவர் கணக்கில் 100 டாலர் இருக்கிறது; ஒரே நாளில் 6, 14, 22, 90 டாலர் என நான்கு பற்றுகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 132 டாலர். குறைவது 32 டாலர். சிறியவற்றை முதலில் கழித்தால் 42 டாலர் போய் 58 மீதமிருக்கும். கடைசியில் வரும் 90 மட்டும் கணக்கை மைனஸுக்குத் தள்ளும். கட்டணம் ஒன்று, 35 டாலர். பெரியதை முதலில் கழித்தால் 90 போக 10 தான் மிஞ்சும். அதன் பிறகு 22, 14, 6 ஆகிய மூன்றுமே மைனஸில் விழும். கட்டணம் மூன்று, 105 டாலர். செலவு அதே, குறைவதும் அதே 32 டாலர், தண்டம் மட்டும் மூன்று மடங்கு. பெரியதிலிருந்து சிறியதற்கு என்ற இந்த வரிசையை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்குகளில், 2010-இல் வெல்ஸ் ஃபார்கோவுக்கு எதிராக 20.3 கோடி டாலருக்குத் தீர்ப்பானது; 2011-இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா 41 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. பெரிய வங்கிகள் பல அதன் பிறகு வரிசையை மாற்றிக்கொண்டன. இருந்தாலும் ஒவ்வொரு வங்கியும் தன் பதிவு வரிசையைக் கணக்கு ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கும். படிக்கச் சலிப்பான அந்தப் பத்திதான் பணம் சம்பந்தப்பட்ட பத்தி.

அடுத்த பொறி, திரையில் தெரியும் இருப்பு. நீங்கள் நேற்று எழுதிக் கொடுத்த காசோலையை வாங்கியவர் இன்னும் வங்கியில் போடவில்லை என்றால் அந்தத் தொகை எங்கும் தெரியாது. பெட்ரோல் நிலையமும் விடுதியும் உண்மைச் செலவைவிடப் பெரிய தொகையை முன்கூட்டியே முடக்கி வைப்பதால், கணக்கில் இருக்கும் பணமும் எடுக்கத்தக்க பணமும் வேறு வேறாக நிற்கும். நீங்கள் காசோலை ஒன்றை வங்கிக் கிளையில் செலுத்தினாலும் முழுத் தொகையும் உடனே கைக்கு வராது. ரெகுலேஷன் சிசி என்ற விதி, சாதாரணக் காசோலையில் முதல் 275 டாலரை அடுத்த வேலை நாளில் தரச் சொல்கிறது, மீதிக்கு வங்கி மேலும் காலம் எடுத்துக்கொள்ளலாம். 2025 ஜூலைக்கு முன் அது 225 டாலராக இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை காசோலையைச் செலுத்திவிட்டு அன்றிரவே வாடகையை அனுப்புபவர் இந்த இடைவெளியில்தான் விழுகிறார். கார்டைத் தேய்த்த நேரத்தில் பணம் இருந்து, இரண்டு நாள் கழித்து அந்தச் செலவு கணக்கில் முறைப்படி பதியும்போது இல்லாமல் போய், அதற்குக் கட்டணம் விதிக்கப்பட்ட வழக்குகளும் உண்டு. வாடிக்கையாளர் எதிர்பார்த்திருக்கவே முடியாத இத்தகைய கட்டணங்களுக்காக மட்டும் வெல்ஸ் ஃபார்கோ 20.5 கோடி டாலரைத் திருப்பித் தர வேண்டியிருந்தது; 2022 டிசம்பரில் அவ்வங்கி மீது சிஎஃப்பிபி பிறப்பித்த 370 கோடி டாலர் உத்தரவின் ஒரு பகுதி அது.

இன்றைய நிலை

2021-இலிருந்து காற்று திசை மாறியது. ஆலி வங்கி 2021-இலும், கேபிடல் ஒன், சிட்டி ஆகியவை 2022-இலும் ஓவர்டிராஃப்ட் கட்டணத்தை முற்றிலும் எடுத்துவிட்டன. பேங்க் ஆஃப் அமெரிக்கா 2022 மே மாதத்தில் 35 டாலரை 10 ஆகக் குறைத்தது. சேஸ் வங்கியில் மைனஸ் 50 டாலருக்குள் இருந்தாலோ, மறுநாள் முடிவதற்குள் அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாலோ கட்டணம் இல்லை. மீறினால் 34 டாலர். வெல்ஸ் ஃபார்கோ ஒரு நாள் கூடுதல் அவகாசம் தருகிறது, கட்டணத்தை 35 ஆகவே வைத்திருக்கிறது. பெரிய வங்கிகளை ஒரே விதியால் கட்ட நடந்த முயற்சி நிறைவேறவில்லை. 1,000 கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள வங்கிகள் ஒன்று கட்டணத்தை 5 டாலருக்குள் அடக்க வேண்டும், அல்லது தமக்கு ஆகும் செலவை மட்டும் வாங்க வேண்டும், அல்லது ஓவர்டிராஃப்டைக் கடனாகவே கருதி வட்டி விகிதத்தை வெளியிட வேண்டும் என்ற விதியை சிஎஃப்பிபி 2024 டிசம்பரில் இறுதிசெய்தது. 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வர இருந்த அந்த விதியை, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் இயற்றி ரத்துசெய்ய, 2025 மே மாதத்தில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். ஆகவே கட்டணம் எவ்வளவு என்பது இன்றும் அந்தந்த வங்கியின் விருப்பம்தான். கணக்கு திறக்கும் முன் கட்டண அட்டவணையைப் பார்க்காமல் இருக்க முடியாது.

என் தேர்வு இப்படி இருக்கும். ஏடிஎம்முக்கும் கார்டுச் செலவுக்கும் சம்மதம் தர மாட்டேன்; மறுக்கப்பட்டால் இன்னொரு கார்டை நீட்டலாம், அல்லது பொருளை வைத்துவிட்டு வரலாம். காசோலைக்கும் தவணைக்கும் சேமிப்புக் கணக்கை இணைத்து, அங்கே ஒரு மாதத்தின் மிகப் பெரிய தவணை அளவுக்காவது பணத்தை விட்டுவைப்பேன். இருப்பு 100 டாலருக்குக் கீழே போனால் குறுஞ்செய்தி வரும்படி செயலியில் ஏற்பாடு செய்வது இலவசம். இணைப்பு எந்த நாளில் வேலை செய்யப் போகிறது என்பதை அது முன்கூட்டியே காட்டிவிடும். சம்பளம் மாதம் இருமுறை வருபவர்கள், தவணை நாட்களைச் சம்பள நாளுக்கு இரண்டு மூன்று நாட்கள் தள்ளி வைக்கும்படி நிறுவனங்களைக் கேட்கலாம். கைப்பேசி, காப்பீட்டு நிறுவனங்கள் பல இதற்கு இணங்குகின்றன. வெளியூரில் கார் பழுதாகி நள்ளிரவில் கார்டு மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்று அஞ்சுபவர்கள் சம்மதம் கொடுத்து வைப்பதையும் நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அத்தகைய இரவுக்குக் கிரெடிட் கார்டு ஒன்றைத் தனியே வைத்திருப்பது மலிவானது.

கட்டணம் விழுந்துவிட்ட பிறகு

முதல் முறையாக விழுந்திருந்தால் வங்கியை அழைத்துத் தள்ளுபடி கேட்பதில் தயக்கம் வேண்டாம். நீண்ட நாள் வாடிக்கையாளர், இதற்கு முன் நேர்ந்ததில்லை என்று சொன்னால் பல வங்கிகள் ஒன்றிரண்டு கட்டணங்களைத் திருப்பிப் போடுகின்றன. மைனஸை அப்படியே விட்டுவிடுவது மட்டும் கூடாது. அடுத்து எந்தப் பணம் வந்தாலும் வங்கி முதலில் தன் பாக்கியைத்தான் எடுத்துக்கொள்ளும். சம்பளம் முழுதாக வரும் என்று நம்பி எழுதிய வாடகைக் காசோலை அதனால் திரும்பலாம். வாரக்கணக்கில் நேராகாத கணக்கை வங்கி தானே மூடிவிட்டு, செக்ஸ்சிஸ்டம்ஸ் என்ற தகவல் நிறுவனத்துக்கு அறிவிக்கும். அந்தக் குறிப்பு ஐந்து ஆண்டுகள் வரை இருக்கும். அதைப் பார்க்கும் வேறு வங்கிகள் புதிய கணக்கு தர மறுக்கலாம். தம்மைப் பற்றிய அறிக்கையை அந்த நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகப் பெறவும், தவறு இருந்தால் ஆட்சேபிக்கவும் சட்டம் உரிமை தருகிறது.

நாடு திரும்புகிறவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. 20, 30 டாலரைக் கணக்கில் விட்டுவிட்டு விமானம் ஏறுவதும், ரத்து செய்ய மறந்த ஏதோ ஒரு சந்தா மாதந்தோறும் அதைக் கரைத்து மைனஸாக்குவதும் அடிக்கடி நடக்கிறது. மூடிய கணக்குகளை, பிறகு வந்த பற்றுகளுக்காக வாடிக்கையாளரைக் கேட்காமலே திறந்ததற்காக 2019-இல் யூஎஸ்ஏஏ வங்கி மீது சிஎஃப்பிபி நடவடிக்கை எடுத்ததும் உண்டு. எனவே கடைசி மூன்று மாத அறிக்கைகளைப் புரட்டி, தானாகக் கழியும் ஒவ்வொரு தொகையையும் அந்தந்த நிறுவனத்திலேயே ரத்து செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வரும் சந்தாக்கள் மூன்று மாத அறிக்கையில் தெரியாது என்பதால் அவற்றைத் தனியே தேடிப் பார்க்க வேண்டும். வெளியே இருக்கும் காசோலைகள் எல்லாம் வந்து பதிந்தனவா என்று உறுதிசெய்துகொண்ட பிறகு கணக்கை மூடச் சொல்லி, மூடியதற்கான கடிதத்தை எழுத்து வடிவில் வாங்கிக்கொள்ள வேண்டும்.